நாடகத்தில் வள்ளி வேஷம் கட்டும் பெண்ணைக் காதலிக்கிறீர்களா? அம்மாவிடம் பேசுவது எப்படி

மதுரை, புதுக்கோட்டை பக்கம் திருவிழா நாடகங்களில் நடிக்கிற பெண்ணை விரும்புகிறீர்கள், வீட்டில் சொன்னதும் அம்மா "போயும் போயும் கூத்தாடிப் பொண்ணா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். சரி, அன்றைக்கே பதில் பேசாதீர்கள். அந்தக் கேள்வியில் பாதி பயம்தான், நாளைக்குச் சொந்தபந்தம் என்ன பேசும், உன் தங்கச்சியை யார் பெண் கேட்டு வருவார்கள் என்கிற பயம்.

முதலில் அந்தப் பெண்ணிடம் பேசுங்கள். கல்யாணத்துக்குப் பிறகும் மேடை ஏறுவதா வேண்டாமா என்பது அவள் முடிவு, அவள் சம்பாத்தியத்தில் ஒரு குடும்பமே ஓடிக்கொண்டிருக்கலாம், அவளுடைய அம்மாவுக்கே இந்தக் கல்யாணம் பிடிக்காமல் போகலாம். உங்கள் அம்மாவைச் சமாதானப்படுத்துவதற்காக "தாலி கட்டினதும் நடிப்பை விட்டுடுவாம்மா" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். வாக்கு உங்களுடையது, விட வேண்டியது அவளுடைய தொழில். பிறகு ஒவ்வொரு முறை அவள் நாடகத்துக்குக் கிளம்பும்போதும் அந்தப் பேச்சு வாசலில் வந்து நிற்கும்.

அடுத்து, அம்மா எதைப் பார்த்து அப்படி நினைக்கிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் கோமாளியாக வரும் பபூனும் டான்ஸ் பெண்ணும் இரட்டை அர்த்தத்தில் பேசிக்கொள்ளும் பகுதியாகத்தான் இருக்கும், செல்போனில் சுற்றுவதும் அதுதானே. அதற்காக டான்ஸ் ஆடும் பெண்ணை மட்டம் தட்டி உங்கள் ஆளை உயர்த்திப் பேசாதீர்கள், அதுவும் உழைப்புதான். வள்ளி திருமணம் நாடகத்தில் வள்ளியும் நாரதரும் மோதுகிற தர்க்கத்தை அம்மாவைக் கேட்க வையுங்கள். ஸ்பெஷல் நாடகம் என்று சொல்லும் இந்தத் திருவிழா நாடகங்களில் நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள், ஒத்திகை கிடையாது, அன்று ராத்திரி அந்த ஊரில்தான் எல்லோரும் ஒன்றுசேர்வார்கள். நாரதராக வருபவர் எந்தப் பாட்டை எடுத்தாலும் ஆர்மோனியத்தோடு சேர்ந்து அவள் அந்த நிமிடமே பதில் பாட வேண்டும். 1953இல் வந்த படத்தில் ஔவையாராக நடித்த கே.பி.சுந்தராம்பாள்கூட நாடக மேடையிலிருந்து வந்தவர்தான் என்பதையும் சொல்லுங்கள், அம்மாவுக்கு அந்தக் குரல் பிடித்திருக்கும்.

தூது போக தாய்மாமாதான் சரியான ஆள், நண்பர்கள் வேண்டாம். பங்குனி, சித்திரையில் அவளுக்குத் தூங்கவே நேரம் இருக்காது, அதனால் மழைக்காலத்தில் ஒரு பகல் பொழுதில் இரண்டு அம்மாக்களும் சந்திக்க ஏற்பாடு செய்யுங்கள், முதல் சந்திப்பில் நீங்கள் இருவரும் அதிகம் பேச வேண்டாம்.

அப்படியும் மனசு இறங்கவில்லையென்றால், உங்களுக்கு 21, அவளுக்கு 18 வயது முடிந்திருந்தால் சட்டம் தடுக்காது. 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்வதாக இருந்தால் 30 நாள் நோட்டீஸ் உண்டு, பதிவு அலுவலகத்தில் ஒட்டுவார்கள், அதை யாராவது பார்த்து வந்து சொல்வதற்கு முன்னால் நீங்களே நேரில் போய் அம்மாவிடம் தேதியைச் சொல்லிவிடுங்கள்.