அவரைப் பந்தலில் அசுவினி: என் அனுபவம்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் கொல்லையில் ஓர் அவரைப் பந்தல். மார்கழிப் பனியில் கொழுந்தெல்லாம் கறுப்பு அசுவினி, அதாவது செடியின் சாற்றை உறிஞ்சும் பொடிப் பூச்சி, அப்பிக்கொண்டது. பூச்சி மருந்தை இரண்டு முறை அடித்தேன். பத்து நாளில் முன்னைவிட அதிகமாக வந்தது. கூடவே அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகளையும் கொன்றிருக்கிறேன். போதாததற்கு, இலையில் குட்டி முதலை மாதிரி ஊர்ந்த கறுப்புப் புழுக்களைக் கையாலேயே நசுக்கினேன். அவைதான் பொறிவண்டின் புழுக்களாம்! அவையும் அசுவினியை அள்ளித் தின்பவை.

சரி, மருந்தை நிறுத்தினேன். அடுத்த சிக்கல் எறும்பு. அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக, வண்டை அண்டவிடாமல் விரட்டும். பந்தல் கால்களில் கிரீஸ் தடவிய துணியைச் சுற்றினேன், கொடித் தூரில் சாம்பல் தூவினேன். வேலியோரம் நாலு தட்டைப்பயறும் ஊன்றினேன், பொறிவண்டு தங்கட்டும் என்று.

மூன்றாவது வாரம் கொழுந்து தெளிந்து பூ வைத்தது. அம்மா மட்டும் இன்னும் அந்தப் புழுவைப் பார்த்தால் விளக்குமாற்றைத் தேடுகிறார்.