லினக்ஸ் டிரைவரில் சஸ்பெண்ட் நேரத்து ரேஸைப் பிடித்துச் சரிசெய்வது எப்படி

ஆர்ம் போர்டு ஒன்று வேலை எதுவும் இல்லாமல் சும்மா இருக்கும்போது எப்போதாவது அப்படியே உறைந்துபோகிறது, சீரியல் கன்சோலில் ஒரு வரிகூட வரவில்லை. அல்லது ‘சிங்க்ரனஸ் எக்ஸ்டர்னல் அபார்ட்’ என்று ஊப்ஸ் (கர்னலின் பிழை அறிக்கை) வந்து, அதன் ஸ்டேக் டிரேஸில் உங்கள் டிரைவரின் இன்டரப்ட் ஹேண்ட்லர் (சாதனம் கூப்பிடும்போது ஓடும் ஃபங்ஷன்) நிற்கிறது. இந்த இரண்டில் ஒன்றைப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, கிளாக் (ஹார்டுவேரை ஓட வைக்கும் துடிப்பு) நிறுத்தப்பட்ட ஹார்டுவேரின் ரெஜிஸ்டரை (அதன் நிலையும் கட்டளையும் இருக்கும் இடம்) யாரோ படித்திருக்கிறார்கள் என்பதைத்தான். சாதனத்தைத் தூங்க வைக்கும் கோடும் அதைத் தொடும் கோடும் ஒரே நேரத்தில் ஓடி, எது முந்துகிறது என்பதைப் பொறுத்து உடைவதுதான் இந்த ரேஸ். பிசிஐ சாதனமாக இருந்தால் இவ்வளவு சத்தம் போடாது. எல்லா பிட்டும் 1 ஆக ஒரு மதிப்பு திரும்பி வரும், டிரைவர் அதை நிஜமான ஸ்டேட்டஸ் என்று நம்பி, எல்லா எரர் பிட்டும் ஒரே நேரத்தில் வந்துவிட்டதாக நினைத்து ரீசெட் வேலையில் இறங்கிவிடும். இது இன்னும் மோசம், ஏனென்றால் தப்பு நடந்த இடம் ஒன்று, அறிகுறி தெரியும் இடம் வேறொன்று.

கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே சும்மா இருக்கும் சாதனத்தை மட்டும் தூங்க வைப்பதுதான் ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட் (ரன்டைம் பிஎம்). லினக்ஸில் அதற்கான பொதுவான கட்டமைப்பு 2009-இல் வந்த 2.6.32 கர்னலில் சேர்ந்தது. ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு யூசேஜ் கவுன்ட் (இப்போது எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை) உண்டு. அது பூஜ்யத்துக்கு வந்து, ஆட்டோசஸ்பெண்ட் கெடுவும் (தூங்குவதற்கு முன் காத்திருக்கும் நேரம்) முடிந்தால் உங்கள் ரன்டைம் சஸ்பெண்ட் கால்பேக்கை (தூங்க வைக்க டிரைவர் கொடுத்திருக்கும் ஃபங்ஷன்) கர்னல் கூப்பிடும். கால்பேக் ஓடும்போது சாதனத்தின் நிலை ‘சஸ்பெண்டிங்’. கால்பேக் வெற்றிகரமாகத் திரும்பிய பிறகுதான் ‘சஸ்பெண்டட்’ ஆகும். இந்த இடைவெளியை மனதில் நன்றாகப் பதிய வைத்துக்கொள்ளுங்கள், பாதி பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன.

ஏன் என்றால், அவசரத்தில் எல்லாரும் போடும் ஒட்டு இதுதான்: ஹேண்ட்லரின் தொடக்கத்தில் பிஎம்_ரன்டைம்_சஸ்பெண்டட் என்று கேட்டு, ஆம் என்றால் திரும்பிவிடுவது. அந்த ஃபங்ஷன் ‘சஸ்பெண்டட்’ நிலையில் மட்டும்தான் ஆம் சொல்லும். கால்பேக்குக்குள் கிளாக்கை நிறுத்திவிட்டு இன்னும் திரும்பாத அந்த நேரத்தில் அது இல்லை என்றே சொல்லும், ஹேண்ட்லர் நம்பி ரெஜிஸ்டரைத் தொடும், பஸ் தொங்கும். சரி, நிலையைத் துல்லியமாகவே சொல்லும் ஃபங்ஷன் ஒன்று இருந்தாலும் பயனில்லை. கேட்டதற்கும் தொடுவதற்கும் நடுவில் இன்னொரு சிபியுவில் சஸ்பெண்ட் தொடங்கலாம். கேட்டுவிட்டுத் தொடுவது எந்த வடிவிலும் சரியாகாது. தொட்டு முடிக்கும் வரை சாதனம் தூங்காதபடி பிடித்து வைத்திருக்க வேண்டும், அல்லது தூங்கப் போகிறவர் தொடுகிறவர் முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த இரண்டில் ஒன்றுதான்.

டிரைவர் கோடைத் தொடுவதற்கு முன் ரேஸ்தானா என்று உறுதி செய்யுங்கள். சிஸ்எஃப்எஸ்-இல் (கர்னல் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) அந்த சாதனத்தின் பவர் டைரக்டரியில் கன்ட்ரோல் என்ற கோப்பு இருக்கும், அதில் ‘ஆன்’ என்று எழுதினால் ரன்டைம் சஸ்பெண்ட் நடக்காது. அப்படி வைத்ததும் கோளாறு மறைந்தால் சந்தேகம் வலுக்கிறது. பிறகு ‘ஆட்டோ’ என்று மாற்றி, ஆட்டோசஸ்பெண்ட் டிலே கோப்பில் 0 போட்டு, சாதனத்தைத் திறந்து மூடும் ஒரு சின்ன லூப்பை ஓட விடுங்கள். பிசிஐ டிரைவர் எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பிசிஐ கோர் தொடக்கத்திலேயே ரன்டைம் சஸ்பெண்டைத் தடுத்துவைக்கிறது. பயனர் பவர்டாப், டிஎல்பி போன்ற மின்சேமிப்புக் கருவியில் ‘ஆட்டோ’ ஆக்கும் வரை உங்கள் சஸ்பெண்ட் கோடு ஒருமுறைகூட ஓடாமலே இருந்திருக்கலாம்.

இன்னும் பிழை வரவில்லை என்றால் ஜன்னலை, அதாவது ரேஸ் நடக்கக்கூடிய அந்தக் குறுகிய நேரத்தை, அகலமாக்குங்கள். சஸ்பெண்ட் கால்பேக்கில் கிளாக் நிறுத்தும் வரிக்கு அடுத்து சில மில்லிசெகண்ட் தூக்கம், ஹேண்ட்லரில் நிலையைச் சோதிக்கும் இடத்துக்கும் ரெஜிஸ்டர் படிக்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு சின்ன யூடிலே (சிபியுவைச் சில மைக்ரோசெகண்ட் சும்மா சுற்ற வைப்பது). அபூர்வமாக வந்த கோளாறு அடிக்கடி வர ஆரம்பிக்கும். கூடவே எஃப்டிரேஸில் (கர்னலுக்குள் நடப்பதைப் பதிவு செய்யும் கருவி) ஆர்பிஎம், அதாவது ரன்டைம் பிஎம், ஈவென்ட் குழுவை ஆன் செய்யுங்கள். ஆர்பிஎம்_சஸ்பெண்ட், ஆர்பிஎம்_ரெஸ்யூம், ஆர்பிஎம்_யூசேஜ் மூன்றும் போதும், எந்த சிபியுவில் எது எப்போது நடந்தது என்று வரிசையாகத் தெரியும். கேசிசான் இதைப் பிடிக்கும் என்று காத்திருக்காதீர்கள். அது நினைவகத்தில் இருக்கும் மாறிகளின் மோதலைப் பார்க்கும் கருவி, கிளாக் நின்றுவிட்டதா என்று அதற்குத் தெரியாது.

இனி சரிசெய்வது. ஐஆக்டில், ரீட், ரைட், சிஸ்எஃப்எஸ் ஷோ போல, ஓடும் கோடு காத்திருந்து தூங்கலாம் என்ற இடங்களில் வேலை எளிது: பிஎம்_ரன்டைம்_ரெஸ்யூம்_அண்ட்_கெட் (சாதனத்தை எழுப்பி யூசேஜ் கவுன்ட்டைக் கூட்டும்), ரெஜிஸ்டர் வேலை, கடைசியில் புட் (கவுன்ட்டைக் குறைக்கும்). பழைய கோடில் பிஎம்_ரன்டைம்_கெட்_சிங்க் இருக்கும். அது தோற்றாலும் கவுன்ட்டைக் கூட்டிவிடும், எரர் பாதையில் புட் போட மறந்தால் அந்த சாதனம் அதன் பிறகு தூங்கவே தூங்காது. ஏற்கெனவே விழித்திருந்தால் அது 1 திருப்பித் தரும் என்பதால், பூஜ்யம் அல்லாததை எல்லாம் எரர் என்று எடுத்துக்கொண்ட டிரைவர்களும் உண்டு. இந்த இரண்டு தொல்லையும் வேண்டாம் என்றுதான் 5.10-இல் ரெஸ்யூம்_அண்ட்_கெட் வந்தது. புதிய கோடில் அதையே எழுதுங்கள்.

சிக்கல் ஹார்ட் இன்டரப்ட் ஹேண்ட்லரில். அங்கே ஹேண்ட்லர் காத்திருந்து தூங்க முடியாது, ஆகவே சாதனத்தை எழுப்பிவிட்டுத் தொடுவதும் முடியாது. ஐஆர்க்யூ_சேஃப் (கால்பேக்குகளை இன்டரப்டிலும் கூப்பிடலாம்) என்று அறிவித்துவிட்டால் எழுப்பலாமே என்று கேட்பீர்கள். முடியும், ஆனால் அதற்கு விலை உண்டு: பேரன்ட் சாதனம் நிரந்தரமாக விழித்தே இருக்கும், உங்கள் கால்பேக்குகள் இன்டரப்ட் அணைந்த நிலையில் ஓடும், கிளாக் பிரிப்பேர் போலத் தூங்கக்கூடிய எதையும் அங்கே கூப்பிட முடியாது. நான் அதைக் கடைசி வழியாகத்தான் வைத்துக்கொள்வேன்.

நல்ல வழி, சஸ்பெண்ட் கால்பேக்கின் வரிசையை ஒழுங்காக வைப்பது. முதலில் சாதனத்தின் சொந்த மாஸ்க் ரெஜிஸ்டரில் எழுதி இன்டரப்ட் மூலத்தை மூடுங்கள். உடனே அதே ரெஜிஸ்டரைத் திரும்பப் படியுங்கள், ஏனென்றால் எழுதியது பஸ்ஸில் வழியிலேயே நின்றிருக்கலாம், படித்தால்தான் அது போய்ச் சேர்ந்தது நிச்சயம். பிறகு ஸ்டேட்டஸைப் பாருங்கள். ஏதாவது வேலை நிலுவையில் இருந்தால் மாஸ்க்கைத் திறந்துவிட்டு கால்பேக்கிலிருந்து மைனஸ் ஈபிசி (‘வேலையில் இருக்கிறேன்’ என்ற பிழை எண்) திருப்பி அனுப்புங்கள், அது முழுக்க முறையானது, கோர் சாதனத்தை விழித்த நிலையிலேயே வைத்திருக்கும். நிலுவை இல்லை என்றால் உங்கள் பிரைவேட் ஸ்ட்ரக்ட்டில் ‘தூங்குகிறது’ என்ற கொடியை ரைட்_ஒன்ஸ் (ஒரே முறையில் எழுதும் மேக்ரோ) கொண்டு ஏற்றுங்கள், அடுத்து சிங்க்ரனைஸ்_ஐஆர்க்யூ கூப்பிடுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர், அதன் திரெட் இரண்டும் முடியும் வரை அது காத்திருக்கும். அதற்குப் பிறகுதான் கிளாக்கை நிறுத்த வேண்டும். ரெஸ்யூமில் இதைத் தலைகீழாக: கிளாக், ரெஜிஸ்டர் மதிப்புகளைத் திரும்ப ஏற்றுவது, கொடியை இறக்குவது, கடைசியாக மாஸ்க்கைத் திறப்பது. மாஸ்க்கை முன்னாலேயே திறந்தால், வந்த நிஜமான இன்டரப்டை ஹேண்ட்லர் கொடியைப் பார்த்துத் தள்ளிவிடும்.

மூலத்தையே மூடிவிட்ட பிறகு கொடி எதற்கு? பல சாதனங்கள் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு இன்டரப்ட் லைனுக்காக. பக்கத்து சாதனம் இன்டரப்ட் அடித்தாலும் உங்கள் ஹேண்ட்லரும் கூப்பிடப்படும், உங்கள் சாதனம் தூங்குகிறதா என்பது கர்னலுக்குக் கவலையில்லை. ஹேண்ட்லர் கொடியைப் பார்த்து ஐஆர்க்யூ_நன் (‘என்னுடையது இல்லை’) திருப்பினால் போதும். ஷேர்டு லைனில் டிசேபிள்_ஐஆர்க்யூ போடுவது தீர்வே இல்லை, பக்கத்து டிரைவரின் இன்டரப்டையும் சேர்த்து நிறுத்திவிடுவீர்கள். ஒன்று கவனம்: ஹேண்ட்லர் கேட்கும் லாக்கைப் பிடித்துக்கொண்டு சிங்க்ரனைஸ்_ஐஆர்க்யூ கூப்பிட்டால் டெட்லாக் நிச்சயம்.

கொடிக்குப் பதிலாக, கவுன்ட் பூஜ்யமாக இல்லாதபோது மட்டும் ரெஃபரன்ஸ் எடுக்கும் பிஎம்_ரன்டைம்_கெட்_இஃப்_இன்_யூஸ் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் ஒரு பள்ளம் உண்டு. யூசேஜ் கவுன்ட் பூஜ்யமாகி ஆட்டோசஸ்பெண்ட் கெடு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் சாதனம் விழித்தே இருக்கிறது, இன்டரப்ட் அடிக்கவும் செய்யும், ஆனால் இந்த ஃபங்ஷன் 0 தரும். லெவல் டிரிகர் லைன் (காரணம் தீரும் வரை அடித்துக்கொண்டே இருப்பது) என்றால் ஹேண்ட்லர் திரும்பத் திரும்ப ‘என்னுடையது இல்லை’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இப்படி யாரும் ஏற்காதவை 1,00,000-க்கு 99,900-ஐத் தாண்டினால் கர்னல் அந்த லைனையே மூடிவிடும். அந்த இடத்துக்குச் சரியானது பிஎம்_ரன்டைம்_கெட்_இஃப்_ஆக்டிவ். எதுவானாலும் திரும்பும் மதிப்பு பூஜ்யத்தைவிடப் பெரிதா என்றே பாருங்கள், ரன்டைம் பிஎம் அணைந்திருந்தால் நெகட்டிவ் வரும்.

அப்புறம் வொர்க் கியூ, அதாவது வேலைகளைப் பிறகு ஓடவென்று போட்டுவைக்கும் வரிசை. இன்டரப்டிலிருந்து ஒரு வொர்க்கை வரிசையில் போடுகிறோம், அது முதல் வரியில் ரெஸ்யூம்_அண்ட்_கெட் கூப்பிடுகிறது. சஸ்பெண்ட் கால்பேக்கில் பத்திரமாக இருக்கட்டும் என்று கேன்சல்_வொர்க்_சிங்க் போட்டிருக்கிறோம். வொர்க், சஸ்பெண்ட் முடியட்டும் என்று நிற்கும். சஸ்பெண்ட், வொர்க் முடியட்டும் என்று நிற்கும். இரண்டும் நகராது. மியூடெக்ஸிலும் இதே கதை: ஒரு திரெட் மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டு கெட் கூப்பிட, கால்பேக் உள்ளே அதே மியூடெக்ஸைக் கேட்கும். லாக்டெப் (லாக் தவறுகளைக் கண்டுபிடிக்கும் கர்னல் கருவி) இதைச் சொல்லாது, ஏனென்றால் ரன்டைம் பிஎம்-இன் காத்திருப்பு ஒரு வெயிட் கியூ, அதன் கண்ணுக்கு அது லாக்கே இல்லை. ரெஃபரன்ஸை வொர்க்குக்குள் எடுக்காமல், வரிசையில் போடும் இடத்திலேயே எடுத்துவிடுங்கள், வொர்க் முடிவில் விடுங்கள். வொர்க் நிலுவையில் இருக்கும் வரை ரன்டைம் சஸ்பெண்ட் தொடங்காது, அங்கே கேன்சல் தேவையே இல்லாமல் போகும். க்யூ_வொர்க் ‘ஏற்கெனவே வரிசையில் இருக்கிறது’ என்று ஃபால்ஸ் மதிப்பைத் திருப்பினால் எடுத்த ரெஃபரன்ஸை உடனே விட வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

டிரைவரை அகற்றும் ரிமூவ் பாதையில் டெவ்எம்_ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ (இன்டரப்டை கர்னலே தானாக விடுவிக்கும் வகை) ஒரு பொறி. ரிமூவ் ஃபங்ஷன் முழுவதும் முடிந்த பிறகுதான் டெவ்எம் வளங்கள் விடுவிக்கப்படும். நீங்கள் ரிமூவில் கையால் கிளாக்கை நிறுத்தினால், அதற்கும் ஹேண்ட்லர் விடுபடுவதற்கும் நடுவில் இன்டரப்ட் வரலாம். சாதனத்தை எழுப்பி, மூலத்தை மூடி, ஹேண்ட்லரை விடுவித்து, வொர்க்கை கேன்சல் செய்து, ரன்டைம் பிஎம்-ஐ டிசேபிள் செய்து, அதன் பின் கிளாக்கை நிறுத்துங்கள். டீபக் ஷேர்டு ஐஆர்க்யூ கான்ஃபிக்கை ஆன் செய்தால், ஷேர்டு ஹேண்ட்லரை விடுவிக்கும் நேரத்தில் கர்னலே ஒரு போலி அழைப்பு விடும், இந்தத் தப்பு உடனே வெளியே வரும்.

முழு கணினி தூங்கும் பாதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிப்பேர் கட்டத்தில் கோர் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு ரெஃபரன்ஸ் எடுத்துவிடும், சஸ்பெண்ட் லேட் கட்டத்தில் ரன்டைம் பிஎம்-ஐ அணைத்துவிடும். தனி வேலை எதுவும் இல்லாத டிரைவருக்கு பிஎம்_ரன்டைம்_ஃபோர்ஸ்_சஸ்பெண்ட், ஃபோர்ஸ்_ரெஸ்யூம் ஜோடி போதும், மேலே சொன்ன அதே கால்பேக்குகள் ஓடும். ஆனால் வொர்க்குகள் கணினி தூங்கும்போதும் ஓடும், அவற்றை ஃப்ரீசபிள் வொர்க் கியூவில் போடுங்கள். சோதிக்க, பிஎம்_டெஸ்ட் கோப்பில் ‘டிவைசஸ்’ என்று எழுதி சஸ்பெண்ட் கொடுத்தால், நிஜமாகத் தூங்காமல் சாதனங்களை மட்டும் நிறுத்தி, 5 செகண்ட் கழித்துத் திரும்ப எழுப்பும். அது நிலையானதும் ஆர்டிசிவேக் (குறித்த நேரத்தில் கணினியை எழுப்பும் கட்டளை) வைத்து இரவு முழுவதும் நிஜ சஸ்பெண்ட் லூப் ஓட்டுங்கள், நீங்கள் போட்ட யூடிலேக்கள் உள்ளே இருக்கும்போதே. அகலமான ஜன்னலில் தாங்கும் தீர்வைத்தான் நம்பலாம். தாங்கிய பிறகு டிலேக்களை எடுத்துவிடுங்கள்.

பேட்ச் அனுப்பும்போது கமிட் செய்தியில் ‘ரேஸ் சரிசெய்யப்பட்டது’ என்று மட்டும் எழுதாதீர்கள். சிபியு 0, சிபியு 1 என்று இரண்டு நெடுவரிசை போட்டு, எந்த வரிக்கு அடுத்து எந்த வரி ஓடினால் உடைகிறது என்று காட்டுங்கள், மெயின்டெய்னர் அதைத்தான் முதலில் தேடுவார். அந்த அட்டவணையை உங்களால் எழுத முடியவில்லை என்றால் ரேஸ் இன்னும் முழுதாகப் புரியவில்லை, டிரேஸுக்குத் திரும்பிப் போங்கள். பிழையைக் கொண்டுவந்த கமிட்டைத் தேடி ஃபிக்ஸஸ் வரியில் குறிப்பிட்டு, ஸ்டேபிள் (பழைய கர்னல்களைப் பராமரிக்கும் குழு) முகவரியையும் சிசி வரியில் சேர்த்தால், பழைய கர்னலில் ஓடும் போர்டுகளுக்கும் தீர்வு போய்ச் சேரும்.