சுவடி பார்க்கப் போகிறவர்களுக்கு, தபால் பிரித்த ஒருவன் சொல்வது

தஞ்சாவூர் அரண்மனை வளாகத்தில் சரசுவதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகம் சின்னக் கூடம்தான். பத்தே நிமிஷத்தில் சுற்றி முடித்துவிடலாம். நிறையப் பேர் அப்படித்தான் வெளியே வருகிறார்கள். நான் ஆர்.எம்.எஸ். என்கிற ரயில்வே தபால் பிரிவில் 31 வருஷம் தபால் பிரித்தவன். கையெழுத்தைக் கண்டால் கால் நகராது. பேத்தியோடு போனபோது ஒன்றரை மணி நேரம் ஆனது.

பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போகலாம். வளாகத்தில் கலைக்கூடம், தர்பார் மண்டபம் என்று பல இருப்பதால், நுழைந்தவுடனே "சுவடி மியூசியம் எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிடுங்கள். முதல் தடவை நான் கேட்கவில்லை. வெண்கலச் சிலைகளிலேயே காலைப்பொழுதைக் கழித்துவிட்டு, மதிய இடைவேளைக்குப் பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நின்றேன். வார விடுமுறை எந்த நாள் என்றும் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். படிக்கிற கண்ணாடியை மறக்க வேண்டாம். போட்டோ எடுக்க விடமாட்டார்கள். குறிப்பு நோட்டும் பென்சிலும் போதும்.

போவதற்கு முந்தின ராத்திரி ஒரு வேலை இருக்கிறது. தமிழ் எண்களை எழுதிப் பாருங்கள்: ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯, ௰. ஏட்டின் இடது ஓரத்தில் இவற்றில்தான் பக்க எண் போடுவார்கள். பன்னிரண்டு என்றால் ௰௨. குழந்தைகளுக்கு இதைவிட நல்ல விளையாட்டு கிடையாது. கூடத்துக்குள் போனதும் என் பேத்தி வேறெதையும் பார்க்கவில்லை, ௰ எங்கே என்றுதான் தேடினாள்.

ஓலையைப் பார்க்கிறபோது நேரே குனியாதீர்கள், கண்ணாடிப்பெட்டியில் உங்கள் முகம்தான் தெரியும். பக்கவாட்டில் சாய்ந்து பாருங்கள், எழுத்தாணி கீறிய பள்ளம் தெரியும். கீறியதும் கரி மையோ இலைச்சாறோ பூசித் துடைப்பார்கள். பள்ளத்தில் மட்டும் கறுப்பு தங்கும். வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி கிடையாது. புள்ளியும் கிடையாது, குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளுமே! எரியும் ஏரியும் ஒரே மாதிரி இருக்கும். காலும் ரகரமும் ஒன்றுதான். காடு என்று எழுதியது கரடா காடா என்று நாம்தான் முடிவு செய்யவேண்டும். அரைகுறை விலாசத்தில் ஊரைக் கண்டுபிடித்தே பழகிய எனக்கு உ.வே.சா. போன்றவர்களின் உழைப்பு அன்றைக்குத்தான் உறைத்தது. எல்லா ஏட்டையும் பார்க்க ஆசைப்படாமல் ஒரே ஓர் ஏட்டில் ஒரு வரியையாவது கூட்டிப் படித்துவிடுங்கள்.

தமிழ்ச் சுவடிதான் அதிகம் இருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். நூலகத்திலுள்ள சுமார் 49,000 சுவடிகளில் பெரும்பகுதி சமஸ்கிருதம். நாயக்கர் காலத்து ஏடுகளின்மேல் மராட்டியர் சேர்த்தது இது. இரண்டாம் சரபோஜி (1798 முதல் 1832 வரை ஆண்ட மராட்டிய மன்னர்) காசி யாத்திரையிலிருந்தும் சுவடி கொண்டுவந்தார். அவர் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்ட அச்சுப் புத்தகங்களும் உண்டு. 1918இல் பொதுமக்களுக்கான நூலகம் ஆனது.

மோடி எழுத்தில் (மராத்தியை வேகமாக எழுதுகிற பழைய கூட்டெழுத்து) உள்ள காகிதம் எதுவும் காட்சியில் இருந்தால் அங்கே நில்லுங்கள். அரண்மனைக் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் அந்த எழுத்தில்தான் நடந்தன. முதலில் தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரு கோடு இழுத்துவிட்டு, பேனாவைத் தூக்காமல் எழுத்துகளைக் கொடியில் துணி காயப்போடுகிற மாதிரி தொங்கவிடுவார்கள். எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் எழுதினவர் எங்கே அவசரப்பட்டார், எங்கே மை தீர்ந்தது என்று தெரிந்தது. மனித முகத்தை மிருக முகத்தோடு ஒப்பிடும் பிரெஞ்சுக்காரர் லெ ப்ரூனின் படங்களுக்குத்தான் கூட்டம். பார்க்கலாம், சிரிக்கலாம், ஆனால் நேரத்தை அங்கே விட்டுவிடாதீர்கள்.

வெளியே வரும்போது நூலகப் பதிப்புகள் விற்கிற இடத்தில் ஒன்றாவது வாங்குங்கள். நான் 'சரபேந்திர வைத்திய முறைகள்' வரிசையில் ஒரு புத்தகம் வாங்கினேன்.

அப்படியே தபால் ஆபீசுக்கும் போய்விடுங்கள். அஞ்சலட்டை ஐம்பது காசுதான். பேத்தி தன் அம்மாவுக்கு ஒன்று எழுதினாள், புள்ளி ஒன்றுகூட வைக்காமல், இடைவெளி விடாமல், விலாசம் உட்பட. வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. எவர் கையில் விழுந்ததோ, நாலாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டது.