'அப்டேட்டில் வந்துவிடும்' என்று நம்பி ஸ்போர்ட்ஸ் வாட்ச் வாங்காதீர்கள்

ஏதாவது ஒரு நிறுவனம் புது மாடலை அறிவித்துவிட்டால் போதும், எங்கள் ஓட்டக் குழுவில் ஒரே கேள்வி பல குரல்களில் கிளம்பும்: "இந்த வசதி என் வாட்சுக்கும் வருமா?" கேட்பவர்கள் பெரும்பாலும் புதியவர்கள், பதில் சொல்பவர்கள் ஓரளவு அனுபவப்பட்டவர்கள். இரண்டு தரப்புமாகச் சேர்ந்து, எங்களைப் போன்ற பழைய ஆட்கள் எப்போதோ செய்து முடித்த தவறுகளை வரிசைகூட மாறாமல் மறுபடி செய்கிறார்கள்.

சார்ஜ் போட மறப்பது, ஸ்ட்ராப்பைத் தொளதொளவென்று கட்டிக்கொண்டு இதயத்துடிப்பு தப்பாகக் காட்டுகிறது என்று புலம்புவது போன்றவை இங்கே இல்லை. அவை ஓரிரு வாரத்தில் தானாகவே சரியாகிவிடும். இன்னும் வராத மென்பொருள் வசதிகளை எதிர்பார்த்து எடுக்கும் முடிவுகள் அப்படிச் சரியாவதில்லை.

வராத வசதிக்காக வாட்ச் வாங்குவது

குழுவில் ஒருவர் மலைப் பாதைகளில் ஓட ஆரம்பித்த புதிதில் வாட்ச் தேடினார். மேப் உள்ள மாடலுக்கும் இல்லாத மாடலுக்கும் விலையில் நல்ல வித்தியாசம். இல்லாததில் எடை குறைவு, பேட்டரியும் நீடித்து நிற்கும். "மேப் அடுத்த அப்டேட்டில் வந்துடும், எல்லோரும் கேட்டுக்கிட்டுதானே இருக்காங்க" என்று இரண்டு பேர் அடித்துச் சொன்னார்கள். வாங்கிவிட்டார்.

அதன்பிறகு ஒவ்வொரு அப்டேட் வரும்போதும் என்னென்ன மாறியிருக்கிறது என்ற பட்டியலை முதல் ஆளாகப் படிப்பார். புது வாட்ச் முகப்புகள் வந்தன. அவர் வாழ்நாளில் ஆடப்போகாத சில விளையாட்டுகள் வந்தன. மேப் மட்டும் வரவில்லை.

அப்புறம் ஓர் இரவுப் போட்டி. அவர் வாட்சில் ரூட் என்பது கறுப்புத் திரையில் ஒரு கோடு, அதன்மேல் ஓர் அம்பு, அவ்வளவுதான். ஓரிடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே திசையில், பக்கத்துப் பக்கத்திலேயே போகின்றன. அடர்ந்த மரங்களுக்கு அடியில் ஜிபிஎஸ் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிக் காட்டுவது சாதாரணம். அவர் பார்த்தபோது அம்பு இரண்டு பாதைக்கும் நடுவில் புதருக்குள் நின்றது. இடது பக்கம் இறங்கினார். ரூட்டை விட்டு விலகிவிட்டதாக வாட்ச் அதிர்ந்தபோது நன்றாகவே கீழே போயிருந்தார். இறங்கியதை எல்லாம் திரும்ப ஏறி வந்து சேர்வதற்குள் அடுத்த சோதனைச் சாவடியின் கட்-ஆஃப் நேரம், அதாவது போட்டியில் தொடர அங்கே போய்ச் சேர வேண்டிய கடைசி நேரம், முடிந்துவிட்டது. மேப் இருந்திருந்தால் இரண்டு பாதைகளும் திரையில் தெரிந்திருக்கும், எது தன்னுடையது என்று ஒரு பார்வையில் பார்த்திருப்பார்.

அந்த நிறுவனம் பிறகு மேப் கொண்டுவந்தது. அடுத்த மாடலில். இவர் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினார். தங்கள் மேலான கருத்து உரிய குழுவுக்கு அனுப்பப்பட்டது என்று பதில் வந்தது.

நிறுவனத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பழைய மாடலுக்கு மேப் தருவதாக அவர்கள் எங்கேயும் எழுதவில்லை. எனக்கு இன்றும் எரிச்சல் வருவது "வாங்கிப் போடு, வந்துடும்" என்று சொன்னவர்கள் மேல்தான். சொல்பவருக்குப் பைசா செலவில்லை. அத்தைக்கு மீசை முளைக்கட்டும், சித்தப்பா என்று கூப்பிடலாம் என்கிற கதை. அதையே இன்னமும் யாராவது யாருக்காவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இத்தனைக்கும் எது வர வாய்ப்புண்டு, எது வரவே வராது என்று ஓரளவு முன்கூட்டியே கணித்துவிடலாம். முதலில் பார்க்க வேண்டியது, அந்த வசதிக்குத் தேவையான பாகம் வாட்சுக்குள் இருக்கிறதா என்பது. சாதாரண ஜிபிஎஸ் வாட்ச் எல்1 அலைவரிசையை, அதாவது 1575.42 மெகாஹெர்ட்ஸை மட்டும் கேட்கிறது. இரட்டை அலைவரிசை வாட்ச் கூடவே 1176.45 மெகாஹெர்ட்ஸில் வரும் எல்5-ஐயும் கேட்கிறது. பாறைச் சுவரில் பட்டுத் திரும்பி வரும் சிக்னலையும் நேராக வருவதையும் பிரித்தறிய அது பெரிய உதவி. ஆனால் எல்5-ஐப் பிடிக்க அதற்கான ஆன்டெனாவும் சிப்பும் வேண்டும். அவை இல்லாத வாட்சுக்கு எத்தனை அப்டேட் போட்டாலும் பயனில்லை. இதில் மாடல் பெயரையும் நம்ப முடியாது. 2022 ஜனவரியில் வந்த, கார்மின் நிறுவனத்தின் ஃபீனிக்ஸ் 7-இல் சஃபையர் வகைக்கு இரட்டை அலைவரிசை உண்டு, சாதாரண வகைக்கு இல்லை. பெயர் ஒன்று, வருடம் ஒன்று, உள்ளே இருப்பது வேறு.

அதே வரிசையில் 2023 மே மாதம் ஃபீனிக்ஸ் 7 ப்ரோ வந்தபோது நடந்ததைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ப்ரோவோடு அறிமுகமான ஹில் ஸ்கோர் (மேடேறும் திறன்), எண்ட்யூரன்ஸ் ஸ்கோர் (நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் திறன்) இரண்டும் பதிவுகளை வைத்துப் போடும் கணக்குதான், அதனால் பிற்பாடு பழைய ஃபீனிக்ஸ் 7-க்கும் வந்தன. ப்ரோவில் எல்லா அளவுக்கும் டார்ச் லைட் கொடுத்திருந்தார்கள். பழையதில் பெரிய 7எக்ஸுக்கு மட்டும்தான் அது இருந்தது, மற்றவற்றுக்கு அதை எப்படி இணையத்தில் அனுப்புவது? ஈசிஜியும் அப்படித்தான். புது சென்சார் இருந்த ப்ரோவுக்குப் பிறகு திறந்துவிட்டார்கள், பழைய 7-க்கு வழியே இல்லை.

பாகம் இருந்தாலும் இன்னொரு தடை உண்டு. ஈசிஜி மாதிரி உடல்நலம் சார்ந்த வசதிக்கு ஒவ்வொரு நாட்டு மருத்துவக் கட்டுப்பாட்டு அமைப்பிடமும் அனுமதி வாங்க வேண்டும். கார்மின் தன் முதல் ஈசிஜியை 2023 ஜனவரியில் வீனு 2 பிளஸில் கொடுத்தபோது அமெரிக்காவில் மட்டும்தான் கொடுத்தது. இருந்த வசதி பறிபோவதும் நடக்கிறது. மாசிமோ நிறுவனத்துடனான காப்புரிமை வழக்கால், 2024 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் ஆப்பிள் விற்ற சீரிஸ் 9, அல்ட்ரா 2 வாட்சுகளில் ரத்த ஆக்சிஜன் அளவீடு முடக்கப்பட்டிருந்தது. வேறு வடிவில் அது திரும்பி வர 2025 ஆகஸ்ட் ஆயிற்று. சென்சார் அத்தனை நாளும் மணிக்கட்டில்தான் இருந்தது.

கடைசியாக, நிறுவனத்தின் விருப்பம். இதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கடினமான பயிற்சிக்கு உடல் தயாரா என்று சொல்லும் டிரெயினிங் ரெடினஸ் 2022 ஜூனில் கார்மினின் ஃபோர்ரன்னர் 955-உடன் வந்தது, பிறகு ஃபீனிக்ஸ் 7-க்குப் போனது, ஃபீனிக்ஸ் 6-க்கு வரவேயில்லை. மறுபக்கம், கோரோஸ் நிறுவனம் 2021-இல் ஈவோலேப் பயிற்சி அலசலைக் கொண்டுவந்தபோது அதற்கு முன்பே விற்றிருந்த பேஸ் 2, வெர்டிக்ஸ் வாட்சுகளுக்கும் இலவசமாகக் கொடுத்தது. பழைய வாட்சுக்கு எதையெல்லாம் கொடுத்தார்கள் என்ற வரலாறு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இருக்கிறது, அதைத் தேடிப் படிக்கலாம். நீங்கள் வாங்க நினைக்கும் மாடலுக்குக் கடைசியாக வந்த நான்கைந்து அப்டேட்களின் குறிப்புகளையும் பாருங்கள். பிழைத் திருத்தம், மொழிபெயர்ப்புத் திருத்தம் என்று மட்டும் இருந்தால் அந்த மாடலுக்குப் புதிய வசதிகள் அநேகமாக முடிந்துபோயின. தள்ளுபடி போட்டு விற்பதற்குக் காரணமும் பல நேரம் அதுதான்.

பெட்டியைப் பிரித்த அன்றைக்கு என்ன செய்யுமோ அதற்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். அது போதுமானால் வாங்குங்கள்.

அறிவித்த அன்றே மெனுவில் தேடுவது

அப்டேட்டைக் கட்டம் கட்டமாகத்தான் விடுவார்கள். முதலில் சிறு சதவீத வாட்சுகளுக்குப் போகும், பிரச்சினை எதுவும் கிளம்பவில்லை என்றால் மற்றவர்களுக்கு. நண்பருக்கு வந்து உங்களுக்கு வரவில்லை என்றால் வாட்ச் கெட்டுப்போகவில்லை. ஆப்பிள் ஜூனில் காட்டுவது பொதுவாகச் செப்டம்பரில்தான் எல்லோர் கைக்கும் வரும். ஃபேக்டரி ரீசெட் செய்தால் சீக்கிரம் வந்துவிடும் என்று ஒரு வதந்தி சுற்றுகிறது. வராது. உங்கள் செட்டிங்குகள்தான் போகும்.

போட்டிக்கு முந்தின இரவு அப்டேட் போடுவது

வேண்டாம். ஒரு வாரம் முன்னால் முடியவில்லையா, போட்டி முடிந்த பிறகு.

இருக்கிற ஒரே வாட்சில் பீட்டா போடுவது

புது வசதியைச் சில வாரம் முன்னாலேயே பார்த்துவிடலாம் என்ற ஆசையில் பீட்டாவில், அதாவது பொது வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பில், சேர்கிறார்கள். சேர்வதில் தவறில்லை. பீட்டா என்பது நிறுவனத்துக்காகப் பிழை பிடித்துக் கொடுக்கும் வேலை என்பதை மறந்துவிடுவதுதான் தவறு. பேட்டரி வழக்கத்தைவிட வேகமாக இறங்கும். நீண்ட ஓட்டத்தின் நடுவில் வாட்ச் தானாக அணைந்து எழும். நிறுவிவைத்த மூன்றாம் தரப்பு ஆப்கள் திறக்காமல் போகும். பழைய பதிப்புக்குத் திரும்புவதும் எல்லா இடத்திலும் நடக்காது. ஆப்பிள் வாட்சில் பீட்டா போட்டபின் முந்தைய பதிப்புக்கு நீங்களாகத் திரும்ப வழியில்லை, அடுத்த பொது வெளியீடு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சோதித்து முடித்து எல்லோருக்கும் விட்டதிலேயே கோளாறு வருகிறது. 2025 ஜனவரி 28 அன்று பல கார்மின் மாடல்கள் நீல முக்கோணத்தோடு உறைந்து நின்றன. ஓடலாம் என்று ஜிபிஎஸ்ஸைத் திறந்தால் வாட்ச் மறுபடி மறுபடி தன்னைத்தானே தொடங்கிக்கொண்டது. சாட்டிலைட் இருப்பிடத் தகவல் கோப்பு ஒன்றில் இருந்த பிழைதான் காரணம். மறுபடி சிங்க் செய்து புதுக் கோப்பை ஏற்றியதும் பலருக்குச் சரியானது. பொது வெளியீட்டுக்கே இந்த கதி. பழைய வாட்ச் ஒன்று அலமாரியில் இருந்தால் பீட்டாவை அதில் போட்டுப் பாருங்கள்.

புது எண்ணை முதல் நாளே நம்புவது

அப்டேட் முடிந்த மறுநாள் காலை ஒருவர் பதறிப்போய்க் கேட்டார், "என் ஸ்கோர் ஏன் இவ்வளவு கீழே கிடக்கிறது?" வசதி வந்துவிட்டது, அது கணக்குப் போடத் தேவையான உங்கள் தரவு இன்னும் சேரவில்லை. கார்மினின் எச்ஆர்வி நிலை (இதயத்துடிப்புகளுக்கு இடையிலான நேர மாறுபாடு) உங்கள் இயல்பு அளவைத் தெரிந்துகொள்ள மூன்று வாரம் இரவில் வாட்சைக் கட்டிக்கொண்டு தூங்க வேண்டும். ஆப்பிள் 2024-இல் வாட்ச் மென்பொருளான வாட்ச்ஓஎஸ் 11-இல் கொடுத்த டிரெயினிங் லோட் என்ற பயிற்சிச் சுமைக் கணக்கு, கடைசி 7 நாளை முந்தைய 28 நாளோடு ஒப்பிடுகிறது. அந்த 28 நாள் நிரம்பாமல் ஒப்பீட்டுக்கு அர்த்தம் கிடையாது. அதுவரை வரும் எண்ணைப் பார்த்துப் பயிற்சியைக் குறைப்பதும் கூட்டுவதும் வீண் வேலை.

அப்டேட்டுக்கு முந்தைய பதிவோடு பிந்தையதை ஒப்பிடுவது

ஏற்ற உயரமும் கலோரியும் திடீரென்று மாறினால் முதலில் அப்டேட் தேதியைப் பாருங்கள், அப்புறம் உங்கள் கால்களை.

கேட்க வேண்டியதைக் கேட்கத் தெரியாமல் கேட்பது

"மேப்பை நல்லா பண்ணுங்க" என்று எழுதினால் அது எங்கேயும் போய்ச் சேராது. எந்த மாடல், எந்தப் பதிப்பு, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள். "கையுறை போட்டிருக்கும்போது தொடுதிரை வேலை செய்வதில்லை, மேப்பைப் பெரிதாக்க ஒரு பட்டனை ஒதுக்கினால் போதும்" என்பது ஒரு பொறியாளர் எடுத்து வேலை செய்யக்கூடிய கோரிக்கை. இதே சிக்கல் உள்ள இன்னும் பத்துப் பேர் தனித்தனியாக எழுதினால் வாய்ப்பு கூடும். எழுதியாயிற்று என்பதற்காகக் காத்திருந்து வாட்ச் வாங்குவது மறுபடி முதல் தவறுதான்.

ஏற்கெனவே இருப்பதைத் தேடாமல் காத்திருப்பது

"ஏற்றம் இன்னும் எவ்வளவு பாக்கி என்று காட்டினால் நன்றாக இருக்கும்" என்று ஏங்குகிறவரின் வாட்சில் அது பல நேரம் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் காட்டும் கிளைம்ப்ப்ரோவை கார்மின் 2018-இல் ஃபீனிக்ஸ் 5 பிளஸிலேயே கொடுத்துவிட்டது. ரூட் கோப்பை வாட்சில் ஏற்றாமல் ஓடுவதால் அந்தத் திரை கண்ணில் படுவதில்லை. புயல் எச்சரிக்கையும் அப்படி. காற்றழுத்தம் அளக்கும் பாரோமீட்டர் உள்ள பல வாட்சுகளில் அது அணைக்கப்பட்ட நிலையில் கிடக்கிறது. சூன்டோ நிறுவன வாட்சுகளில் 3 மணி நேரத்தில் காற்றழுத்தம் 4 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் அலாரம் அடிக்கும், மலைமேல் இருக்கும்போது அது பெரிய விஷயம். கிளம்பிய இடத்துக்கே திரும்ப வழிகாட்டுவது, சூரியன் மறைய எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது, இவையும் ஏதாவது ஒரு துணை மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். ஓட்டம் இல்லாத ஒரு நாளில் வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மெனுவாகத் திறந்து பாருங்கள். பட்டனை அழுத்திப் பிடித்தால் வேறு என்ன திறக்கிறது என்றும் பாருங்கள், பாதி வசதிகளை அங்கேதான் வைத்திருக்கிறார்கள்.