உயிரியல் ஆய்வுக்கு நிரல் எழுதக் கற்பது: 5,386 எழுத்துகளில் ஒரு தொடக்கம்

உயிரியல் படித்தவர்கள் நிரலாக்கம் கற்க முனையும்போது பெரும்பாலும் முதலில் கேட்பது, பைத்தானா, ஆர் மொழியா என்பதுதான். இதற்கு நீண்ட விவாதம் தேவையில்லை. டிஎன்ஏ வரிசைகளையும் பெரிய உரைக்கோப்புகளையும் கையாள வேண்டியவர் பைத்தானிலும், மரபணு வெளிப்பாட்டுத் தரவைப் புள்ளியியல் முறையில் ஒப்பிட வேண்டியவர் ஆர் மொழியிலும் தொடங்கலாம். உங்கள் ஆய்வகத்தில் ஏற்கெனவே யாரேனும் ஒரு மொழியில் எழுதிக்கொண்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது. சிக்கிக்கொள்ளும்போது கேட்பதற்கு ஓர் ஆள் இருப்பார்.

இதைவிட முக்கியமான கேள்வி, நிரல் தரும் விடை சரிதானா என்பதை எப்படி அறிவது என்பது. பிழையுள்ள நிரல் எப்போதும் சிவப்பு எழுத்தில் எச்சரித்துவிட்டு நிற்பதில்லை. பல வேளைகளில் தவறான எண்ணைத் தயக்கமின்றிக் கொடுத்துவிட்டு முடிந்துவிடும். கன்ட்ரோல் (விடை முன்பே தெரிந்த ஒப்பீட்டு மாதிரி) வைக்காத பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கும் சோதனை) முடிவை ஏற்காத உயிரியலாளர், அந்த ஒழுங்கை நிரலுக்கும் பொருத்த வேண்டும். அதாவது, விடை முன்பே தெரிந்த தரவில்தான் முதல் நிரல்களை ஓட்டிப் பழக வேண்டும்.

அதற்கு ஃபைஎக்ஸ்174 என்னும் வைரஸ் மிகவும் பொருத்தமானது. ஈ.கோலி பாக்டீரியாவைத் தாக்கும் இதன் மரபுத்தொகுதியைத்தான் ஃபிரெடெரிக் சாங்கரின் குழு 1977-இல் வரிசைப்படுத்தியது. முழுமையாக வரிசைப்படுத்தப்பட்ட முதல் டிஎன்ஏ மரபுத்தொகுதி இதுவே. டிஎன்ஏ வரிசைகளைப் படிக்கும் இல்லுமினா கருவிகளில் இன்றும் இதன் டிஎன்ஏவைக் கன்ட்ரோலாகச் சேர்க்கிறார்கள். நீளம் 5,386 எழுத்துகள் மட்டுமே என்பதால், சந்தேகம் வந்தால் கோப்பைத் திறந்து கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கணினியில் எதையும் நிறுவாமல், உலாவியிலேயே நிரலை எழுதி ஓட்ட உதவும் கூகுள் கோலாப்பில் தொடங்குங்கள். முதல் வாரத்திலேயே பலரைச் சோர்வடையச் செய்வது மொழி அல்ல, நிறுவும் வேலைதான். மரபணு வரிசைகளைச் சேமித்து வைத்திருக்கும் என்சிபிஐ தளத்தில் இந்த வைரஸின் ஆதார வரிசையைத் தேடி, ஃபாஸ்டா என்னும் உரைக்கோப்பு வடிவில் இறக்கிக்கொள்ளுங்கள். அதை வேர்டில் திறக்க வேண்டாம். நோட்பேட் போன்ற எளிய உரைத்தொகுப்பி போதும். முதல் வரி ">" குறியுடன் தொடங்கும் தலைப்பாகவும், அடுத்து வருபவை 70 எழுத்துகள் கொண்ட வரிகளாகவும் இருக்கும்.

முதல் பயிற்சி, கோப்பைப் படித்து எழுத்துகளை எண்ணுவது. 5,386 வந்தால் சரி. ஏறத்தாழ 5,460 வந்தால், ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் வரி முறிவையும் நிரல் எண்ணியிருக்கிறது என்று பொருள், ஏனெனில் வரிசை 77 வரிகளில் அடங்குகிறது. அதற்கும் கூடுதலாக வந்தால் தலைப்பு வரியும் சேர்ந்திருக்கும். இந்தச் சிறு பயிற்சியிலேயே கோப்பைத் திறப்பது, லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது), நிபந்தனை, எழுத்துச்சரம் ஆகிய நான்கும் வந்துவிடுகின்றன.

அடுத்து, டிஎன்ஏவின் ஏ, சி, ஜி, டி என்னும் நான்கு எழுத்துகளையும் தனித்தனியே எண்ணுங்கள். இதற்கு, ஒவ்வொரு எழுத்துக்கும் எதிரே அதன் எண்ணிக்கையை வைத்துக்கொள்ள உதவும் பைத்தானின் டிக்ஷனரியைப் பயன்படுத்தலாம். ஜி, சி இரண்டும் சேர்ந்து சுமார் 44.8 விழுக்காடு வர வேண்டும். ஆனால் ஏ சுமார் 24 விழுக்காடும் டி சுமார் 31 விழுக்காடும் வரும். ஏ-யும் டி-யும் சமமாக இருக்க வேண்டும் என்ற சார்காஃப் விதியை நினைவில் வைத்திருப்பவர் நிரலில் பிழை தேடத் தொடங்குவார். பிழை நிரலில் இல்லை. இந்த வைரஸ் துகளுக்குள் இருப்பது ஒற்றை இழை டிஎன்ஏ. அந்த விதி இரட்டை இழைக்குரியது. உயிரியல் தெரியாத நிரலாளர் இந்த இடத்தில் நின்றுவிடுவார். உங்கள் படிப்பு பயன்படுவதும் இங்கேதான்.

மூன்றாவது பயிற்சியில் சற்று நிதானம் வேண்டும். செல்லை உடைத்து வைரஸை வெளியேற்றும் ஈ மரபணு, 568-ஆம் எழுத்திலிருந்து 843 வரை உள்ளது. அதை வெட்டியெடுத்தால் ஏடிஜி என்று தொடங்கி டிஜிஏ என்று முடிய வேண்டும். நீளம் 276 இருக்க வேண்டும். பைத்தானில் எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்குவதாலும், வெட்டும்போது இறுதி எண்ணுக்குரிய எழுத்து சேராததாலும், நீங்கள் தர வேண்டிய எண்கள் 567, 843. மரபணுக் குறிப்புக் கோப்புகளிலும் இதே குழப்பம் உண்டு: ஜிஎஃப்எஃப் வடிவம் 1-இலிருந்து எண்ணுகிறது, பெட் வடிவம் 0-இலிருந்து எண்ணுகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது ஓரெழுத்து நழுவினால், புரதம் முழுவதுமே வேறாகிவிடும். ஈ மரபணு, 390 முதல் 848 வரையுள்ள டி (D) மரபணுவுக்குள்ளேயே வேறொரு படிப்புச் சட்டகத்தில், அதாவது எழுத்துகளை மும்மூன்றாகப் பிரிக்கும் தொடக்க இடம் மாறி, அமைந்திருப்பதால், இரண்டையும் புரதமாக மொழிபெயர்த்துப் பார்ப்பது இதை நன்றாக உணர்த்தும்.

பிறகு ஏ மரபணுவை எடுக்க முயலுங்கள். அது 3,981-இல் தொடங்கி 5,386 வரை சென்று, மீண்டும் 1-இலிருந்து 136 வரை தொடர்கிறது, ஏனெனில் இந்த மரபுத்தொகுதி வட்டமானது. கோப்புதான் அதை ஓரிடத்தில் வெட்டி நேர்கோடாக வைத்திருக்கிறது. இரு துண்டுகளையும் இணைத்தால் 1,542 எழுத்துகள் வரும், அது மூன்றால் வகுபடும். இதே வேலையை இரண்டாம் முறை செய்ய நேரும்போது அதை ஃபங்ஷனாக (பெயரிட்டு மீண்டும் மீண்டும் அழைக்கக்கூடிய நிரல் துண்டாக) எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். கிளாஸ் போன்றவற்றை இப்போதைக்கு விட்டுவிடலாம். உயிரியலுக்கான ஆயத்த நிரல்களின் தொகுப்பான பயோபைத்தான் நூலகத்தையும் இவற்றைக் கையால் எழுதிப் பார்த்த பின்னரே தொடுவது நல்லது.

இதன் பிறகு உங்கள் சொந்தத் தரவுக்கு வரலாம். மூலக் கோப்பைப் படிக்க மட்டும் அனுமதிக்கும் நிலையில் வைத்துவிட்டு, நகலில் வேலை செய்யுங்கள். லினக்ஸ் கட்டளை வரியில் கிரெப் என்னும் தேடல் கட்டளையைக் கொண்டு ">" குறியைத் தேடுபவர் அதற்கு மேற்கோள் குறி இட மறந்தால், அக்குறி வெளியீட்டைக் கோப்பில் எழுதச் சொல்லும் கட்டளையாகிவிடுவதால், தேடலுக்குப் பதிலாகக் கோப்பே வெறுமையாகிவிடும். மரபணுப் பட்டியல்களை எக்செலில் திறந்து சேமிப்பதையும் தவிர்க்க வேண்டும். மார்ச்1, செப்ட்2 போன்ற பெயர்களை எக்செல் தேதிகளாக மாற்றிவிடும் தொல்லையால், மனித மரபணுப் பெயரிடல் குழு 2020-இல் அவற்றை மார்ச்எஃப்1, செப்டின்2 என மாற்றியது; ஆயினும் பழைய கோப்புகளில் பழைய பெயர்களே இருக்கின்றன.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் நிரல் கேட்டு வாங்குவதில் குற்றமில்லை, ஆனால் அந்த நிரலும் மேலே சொன்ன கன்ட்ரோலைக் கடந்தாக வேண்டும். உதாரணமாக, வரிசைப்படுத்தும் கருவி தரும் ஃபாஸ்ட்க்யூ கோப்பில் எத்தனை ரீடுகள் (கருவி படித்த டிஎன்ஏ துண்டுகள்) உள்ளன என்பதை அறிய, "@" குறியில் தொடங்கும் வரிகளை எண்ணும் நிரல் உங்களுக்குக் கிடைக்கலாம். ஒரு ரீடுக்கு நான்கு வரிகள். நான்காவதான தரமதிப்பு வரியும் "@" குறியுடன் தொடங்கலாம், ஏனெனில் இன்றைய வடிவத்தில் 31 என்ற மதிப்பைக் குறிப்பது அந்தக் குறிதான். மொத்த வரிகளை எண்ணி நான்கால் வகுப்பதே பொதுவாகப் பாதுகாப்பானது. மூன்று ரீடுகள் மட்டும் கொண்ட சிறு கோப்பொன்றைக் கையால் தயாரித்து, அதில் ஒரு தரமதிப்பு வரியை வேண்டுமென்றே "@" என்று தொடங்குங்கள். அதில் ஓட்டும்போது நிரல் 4 என்று சொன்னால், அதை உங்கள் தரவில் ஓட்ட வேண்டாம்.