ஆர் டிஸ்க்கா, ஆர்டபிள்யூ டிஸ்க்கா? எத எதுக்கு வாங்கறது

சிடி, டிவிடி மாதிரி டிஸ்க் வாங்கறப்ப கவர்ல பேருக்கு கடைசில என்ன எழுத்து இருக்குன்னு மொதல்ல பாருங்க. வெறும் ஆர்னா எழுதுனது எழுதுனதுதான், அழிக்க முடியாது. ஆர்டபிள்யூனா அழிச்சிட்டு திரும்ப எழுதலாம், சுமாரா 1000 தடவ வரைக்கும் தாங்கும்பாங்க. ப்ளூரேல மட்டும் ஆர்இன்னு போட்டிருப்பாங்க, ரெண்டும் ஒரே சங்கதிதான்.

ஏன் இந்த வித்தியாசம்னா, ஆர் டிஸ்க்குக்குள்ள பெரும்பாலும் ஒரு சாயம் பூசிருக்கும், லேசர் சூடு பட்ட எடத்துல அது சிதைஞ்சு போயிடும், போனது போனதுதான். ஆர்டபிள்யூல சாயத்துக்கு பதிலா ஒரு உலோகக் கலவை, அத உருக்கி சட்டுனு ஆறவிட்டா ஒரு நெலமை, கொஞ்சம் கம்மி சூட்டுல வச்சா பழையபடி படிகமா மாறிடும், அழிக்கறதுன்னா அவ்ளோதான்.

ஆனா அந்தக் கலவைல ஒரு தொல்லை இருக்கு. சிடி-ஆர் மேல பட்ட வெளிச்சத்துல 65 சதவீதத்துக்கு மேல திரும்பி வரும், சிடி-ஆர்டபிள்யூல 15லேருந்து 25 சதவீதம்தான். அதனாலதான் கம்ப்யூட்டர்ல ஜம்முனு ஓடுற டிஸ்க்க பழைய கார் செட்டுல போட்டா டிஸ்க்கே இல்லன்னு சொல்லும், டிஸ்க் கெட்டுப்போச்சோன்னு தூக்கிப்போட்டுடாதீங்க. பாட்டு கேக்கவோ யாருக்காவது குடுக்கவோன்னா பேசாம ஆர்லயே எழுதிடுங்க.

ஆர்ல ஒரே மூச்சுல எல்லாத்தையும் எழுதணும்னு இல்ல. மல்டிசெஷன்ல கொஞ்சம் கொஞ்சமா சேக்கலாம், ஃபைனலைஸ் (இனிமே எதையும் சேக்க முடியாதபடி டிஸ்க்க மூடறது) குடுக்கற வரைக்கும். ஆனா நடுவுல ஒரு ஃபைல டெலீட் பண்ணா லிஸ்ட்லதான் மறையும், எடம் திரும்ப கெடைக்காது.

ஆர்டபிள்யூல அழிக்கறப்ப க்விக் எரேஸ், ஃபுல் எரேஸ்னு ரெண்டு கேக்கும். க்விக், டிஸ்க்ல என்னென்ன இருக்குங்கற பட்டியல மட்டும்தான் தொடைக்கும், டேட்டா பெரும்பாலும் அடியில அப்படியே கெடக்கும், அதனால வேற ஆளுக்கு டிஸ்க்க குடுக்கறதா இருந்தா நேரமானாலும் ஃபுல்லே போடுங்க. டிவிடில ப்ளஸ் ஆர்டபிள்யூ (+RW) வாங்குனா அழிக்காமலே மேலயே எழுதிக்கலாம், மைனஸ்ல (-RW) வழக்கமா மொதல்ல அழிக்கணும், எனக்கு இந்த ஒரு காரணத்துக்கே ப்ளஸ்தான் புடிக்கும். கொள்ளளவு ரெண்டுலயும் 4.7 ஜிபிதான், விண்டோஸ் 4.38னு காட்டுனா பயப்படாதீங்க, அது கணக்கு போடற விதம்.

ஃபோட்டோ மாதிரி வருஷக்கணக்கா வைக்கறதுக்கு ஆர்தான் என் ஓட்டு, தெரியாம அழிச்சிட வழியே இல்ல பாருங்க. எழுதி முடிச்சதும் சரியா பதிஞ்சிருக்கான்னு வெரிஃபை ஓட்டிட்டு வெயில் படாத எடத்துல வைங்க, சாயத்துக்கு வெயில் ஆகாது. சிடியா இருந்தா பேர் எழுதற பக்கம் கீறாம பாத்துக்கோங்க, டேட்டா அந்தப் பக்கத்துக்கு நேர் கீழதான் இருக்கு, பால்பாயிண்ட் பேனாவ கிட்டயே கொண்டுபோகாதீங்க.