ஓடையோரச் சரளைக் குவாரி: பக்கத்து நிலத்துக்கு ஆபத்தில்லை என்று எழுதும் முன்

ஓடையை ஒட்டிச் சரளை எடுப்பவர்கள் தயாரிக்கும் வெள்ள ஆய்வு அறிக்கைகளைப் படித்து ஓட்டை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அளவு குறிக்காத வரைபடம், கூட்டல் பிழை போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை எப்படியும் யார் கண்ணிலாவது பட்டுவிடும். புதிதாக வருகிறவர்கள் ஆள் மாற்றி ஆள் செய்யும் தவறுகள் வேறு.

குழி வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் என்று நம்புவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். "குழியால் நீர் நிற்க இடம் கூடுகிறது, பக்கத்து நிலங்களுக்கு நன்மையே" என்று தவறாமல் ஒரு வரி வந்துவிடும்.

சரி, கணக்குப் போடுவோம். குழி 100 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், 10 மீட்டர் ஆழம் என்று வையுங்கள். ஓடையோரம் என்பதால் நிலத்தடி நீர் ஊறி, மேலே 2 மீட்டர்தான் காலி. அதாவது 10,000 கன மீட்டர். வெள்ளம் நொடிக்கு 20 கன மீட்டர் வீதம் உள்ளே வந்தால் எட்டரை நிமிடத்துக்குள் நிரம்பிவிடும். வெள்ளமோ மணிக்கணக்கில் ஓடும்.

நிரம்புவதோடு போனால் பரவாயில்லை. ஓடைக்கும் குழிக்கும் நடுவே விட்டுவைத்த மண் திட்டைத் தாண்டி நீர் உள்ளே விழும்போது, திட்டின் உள்சரிவை அரித்துக்கொண்டே ஓடைப் பக்கம் வரும். திட்டு உடைந்தால் ஓடை பழைய தடத்தை விட்டுக் குழி வழியே ஓடும். குழியின் அடியோ ஓடைப் படுகையைவிடப் பல மீட்டர் தாழ்வு. அங்கே உண்டாகும் செங்குத்துப் படி, அரித்து அரித்து மேல்பக்கமாக, அதாவது நீர் வரும் திசையை நோக்கி, நகரும்; போகிற வழியில் இரு கரைகளும் அடி பறிபோய்ச் சரியும். கீழ்ப்பக்கமும் தப்பாது. கல்லையெல்லாம் குழியில் இறக்கிவிட்டு வெளியேறும் நீர், அந்தக் குறையைக் கீழே உள்ள படுகையிலும் கரையிலும் அரித்து ஈடுகட்டிக்கொள்ளும்.

1969-இல் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் உள்ள டுஜுங்கா ஓடையின் வெள்ளம் ஒரு சரளைக் குழிக்குள் திரும்பியது. அரிப்பு மேல்நோக்கிப் போய் மூன்று நெடுஞ்சாலைப் பாலங்களையும் ஏழு வீடுகளையும் கொண்டுபோனது.

ஒரு கள ஆய்வின்போது, குழிக்கு மேல்பக்கம் நிலம் வைத்திருந்த பெரியவர் எங்களைத் தன் வேலி வரை அழைத்துப் போனார். கம்பங்கள் அடிக் கான்கிரீட்டோடு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன. கீழே தரை இல்லை. கூட வந்த இளம் பொறியாளரின் வரைபடம் குவாரி எல்லையோடு முடிந்திருந்தது. மேல்பக்கம் ஓடையின் குறுக்குவெட்டு அளவு ஒன்றுகூட எடுக்கவில்லை. "தண்ணி கீழேதானே சார் போகும்?" என்றார். தண்ணீர் கீழேதான் போகும். அரிப்பு மேலே ஏறும்.

மேல்பக்கம் முதல் பாலம் அல்லது அரிக்க முடியாத பாறை வரை படுகை லெவல் (உயர அளவு) எடுங்கள். திட்டை அகலமாக விட்டால் மட்டும் போதாது. வெள்ளம் எங்கே உள்ளே நுழைய வேண்டும் என்பதை நீங்களே முடிவுசெய்து, அந்த இடத்தைத் தாழ்த்திப் பெருங்கல் பதியுங்கள். அது குழியின் கீழ்முனையில் இருந்தால் நல்லது. திட்டு மூழ்கும் முன்பே குழி நிரம்பிவிடும், நீர் விழும் உயரம் குறையும்.

குழியைச் சுற்றி உயரமாகக் கரை எழுப்புவது

குழிக்குப் பாதுகாப்பு, எதிர்க்கரைக்காரருக்கு வினை. வெள்ளம் பரவும் இடத்தை அடைத்தால் நீர்மட்டம் ஏறும். எதிர்ப்பக்கம் வழியும், மேல்பக்கம் தேங்கும். தோண்டிய மேல்மண்ணையும் சலித்த சரளையையும் அம்பாரமாகக் குவிப்பதும் இதே வேலைதான். 'தற்காலிகம்' என்று எழுதிவிட்டு மழைக்காலம் மழைக்காலமாக அப்படியே கிடக்கும். குவித்தே ஆக வேண்டுமென்றால் நீரோட்டத்துக்குக் குறுக்கே வேண்டாம். நீளவாக்கில், இடைவெளி விட்டுக் குவியுங்கள்.

'100 ஆண்டு வெள்ளம்' நம் காலத்தில் வராது என்று நினைப்பது

அந்த வெள்ளம் வர ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு. 30 ஆண்டுகளில் ஒருமுறையாவது வர ஏறக்குறைய 26 சதவீதம்.

பழைய வெள்ள வரைபடத்தை இணைப்பது

அது குழி இல்லாத ஓடையின் படம்.

பக்கத்து நிலக்காரர் காத்திருப்பது

இது நிலக்காரர்களுக்கு. தோண்டத் தொடங்கும் முன்பே, நகராத ஒரு குறியிலிருந்து உங்கள் கரைக்கும் படுகைக்கும் லெவல் எடுத்து, தேதியோடு படமும் பிடித்து வையுங்கள். இல்லாவிட்டால் "கரை முன்பே இப்படித்தான் இருந்தது" என்று குவாரிக்காரர்கள் சொல்லும்போது எதிரே வைக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு பெரிய வெள்ளத்துக்குப் பிறகும் அதே இடத்தில் மறுபடி எடுங்கள். குவாரி மூடிய பிறகும் நிறுத்த வேண்டாம்.